மூவாயிரம் இழை, இரண்டு மிதி

கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் போகும் கரையோர வீதியில் பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை. அம்பாறைக் கரையின் முஸ்லிம் ஊர்களில் பெரும்பாலானவற்றை வயலோடும் கடலோடும் சேர்த்தே சொல்வார்கள். மருதமுனை என்றால் மட்டும் முதலில் நினைவுக்கு வருவது கைத்தறி. மருதமுனைச் சாரன், மருதமுனைச் சாரி என்று ஊர்ப் பெயரே துணிக்கு முத்திரையாகிவிட்டது. இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு கணக்கைச் சொல்வார்கள்: தறி எத்தனை ஓடியது, அரசாங்கம் என்ன செய்தது. இரண்டும் தேவையானவைதான். ஆனால் தறி என்ற பொருளே எந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. ஆயிரக்கணக்கான தனித்தனி இழைகளை ஒரே ஆள், இரண்டு கை இரண்டு காலோடு, பிசகாமல் ஆள்வது எப்படி என்பதே அந்தச் சிக்கல். கணினித் திரையில் நூற்றுக்கணக்கான பொத்தான்களையும் பெட்டிகளையும் பட்டியல்களையும் ஆளவேண்டி வந்த மென்பொருளாளர்கள் 1990களில் முட்டி மோதிய சிக்கலும் இதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பலவற்றை ஆளும் வேலை ஆளும் நேரத்தில் நடப்பதில்லை, அதற்கு முன்னால் கட்டும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது தெரியும். அந்த முன்வேலையைச் செய்த கைகளை இரண்டு வரலாறுகளும் கணக்கில் சேர்க்கவில்லை என்பதும் சேர்ந்தே தெரியும்.

முதலில் தறியைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். அங்குலத்துக்கு 60 இழை, 48 அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால் நீளவாக்கில் ஓடும் பாவில் 2,880 இழைகள் நிற்கும். நாடா ஒருமுறை குறுக்கே ஓடவேண்டுமானால் இவற்றில் பாதி மேலே எழவேண்டும், பாதி கீழே இறங்கவேண்டும். அடுத்த ஓட்டத்துக்கு மேலே போனவை கீழே வரவேண்டும், கீழே போனவை மேலே. இழை இழையாகக் கையால் தூக்கினால் ஒரு முழம் நெய்ய ஒரு நாள் போதாது. ஆகவே ஒவ்வோர் இழையையும் ஒரு விழுதின் கண்ணுக்குள்ளால் கோத்து, விழுதுகளைச் சட்டங்களில் கட்டி, சட்டங்களை மிதியோடு இணைக்கிறார்கள். சாதாரண நெசவுக்கு இரண்டு சட்டம் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. இழை நெருக்கமாக இருந்தால் விழுதுகள் ஒன்றோடொன்று உரசி நூல் பஞ்சுபஞ்சாகப் பிரியும். அதனால் நான்கு சட்டங்களில் பரப்பிக் கோத்து, ஒன்றையும் மூன்றையும் ஒரு மிதியிலும், இரண்டையும் நான்கையும் மறு மிதியிலும் கட்டுவார்கள். சட்டத்துக்கு 720 இழை. நெய்கிறவரின் காலுக்கு 2,880 இழை தெரியாது, இரண்டு மிதிதான் தெரியும்.

அந்த இரண்டு மிதிக்குப் பின்னால் கிடக்கிற வேலை சின்னதல்ல. நூலுக்குச் சாயம் போட்டு, சுற்றி, கட்டத்தின் நிறவரிசைக்கு ஏற்பப் பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, நீட்டிக் காயவைத்து, பிறகு ஒவ்வோர் இழையாக விழுதிலும் அச்சிலும் கோக்கவேண்டும். அச்சின் ஒரு பல்லிடையில் இரண்டு இழை. எங்காவது ஒரே இடத்தில் வரிசை மாறிக் கோத்துவிட்டால் நெய்கிறபோது யாரும் திருத்தமுடியாது. பாவு முடியும்வரை அந்தக் கோடு துணி நீளத்துக்கும் ஓடும். இதனால்தான் ஒரு பாவு தீரும்போது கெட்டிக்காரர்கள் அதன் வாலை அறுத்து எறிவதில்லை. பழைய இழைகளின் நுனி விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே நிற்க, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் அதன் பழைய இழையோடு பிணைத்து, மெதுவாக முன்னால் இழுத்துவிடுவார்கள். 2,880 முடிச்சு போடத்தான் வேண்டும். ஆனால் கோத்த ஒழுங்கு கெடாது. எந்த இழை எந்தச் சட்டத்துக்கு உரியது என்று யாரும் மறுபடி யோசிக்கத் தேவையில்லை. பழைய நூல் போய்விட்டது, அதன் உறவுமுறை மட்டும் தறியில் மிஞ்சி நின்று புது நூலை ஏற்றுக்கொள்கிறது. நெசவின் மொத்தத் தந்திரத்தில் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுவது இந்தப் பிணைப்புத்தான்.

இனித் திரைக்கு வருவோம். விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு பொத்தான் என்பது வெறும் படம் அல்ல. இயங்குதளத்தின் பதிவேட்டில் அதற்கென்று ஓர் எண் உண்டு, தனக்கு வரும் செய்திகளைத் தானே வாங்கும், அளவிலும் நிறத்திலும் தனி நினைவு வைத்திருக்கும். ஒவ்வொரு பொத்தானும் தன்னளவில் ஒரு சாளரம். பத்துப் பொத்தானுக்கு இது சுகம், ஆயிரத்துக்கு இது வினை. விண்டோஸ் 3.0, 3.1 காலத்தில் இந்தப் பதிவுகள் 64 கிலோபைட் அளவுள்ள சிறு பகுதிகளுக்குள் அடங்கவேண்டியிருந்தது. கணினியில் நினைவகம் தாராளமாக இருந்தும், இடமில்லை என்று சொல்லி நிரல்கள் விழுந்தன. பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகளிலும் ஒரு நிரல் இப்படி வைத்திருக்கக்கூடிய சாளரம் முதலான பொருள்களுக்கு 10,000 என்ற வழமையான உச்சவரம்பு இருக்கிறது. வரம்பை விடப் பெரிய தொல்லை எழுதுகிறவருடையது. 1991இல் வந்த விஷுவல் பேசிக்கில் ஒரு கணிப்பான் செய்யப் போனால், பூச்சியம் முதல் ஒன்பது வரை பத்துப் பொத்தானுக்குப் பத்து நடைமுறை எழுதவேண்டும். பத்திலும் ஒரே வரிகள், எண் மட்டும் வேறு. இதற்கு அந்த மொழியே கொடுத்த விடை கண்ட்ரோல் அரே. பத்துக்கும் ஒரே பெயரை வைத்து, வரிசை எண்ணால் மட்டும் பிரித்துவிட்டால், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரே நடைமுறை ஓடும், அமுக்கப்பட்டது எத்தனையாவது என்ற எண் கூடவே வரும். விழுதுச் சட்டத்தில் கட்டியது போலத்தான். வரிசை எண் ஒன்று பிசகினால் ஏழை அமுக்க எட்டு விழும். நிரல் எந்தப் பிழையும் சொல்லாது. துணியில் ஓடும் கோடும் அப்படிச் சத்தமில்லாமல்தான் ஓடுகிறது.

கூட்டமாகக் கட்டுவது முதற்படி. இரண்டாவது படி இன்னும் துணிச்சலானது: பொருள்களைச் செய்யாமலே விடுவது. எக்செல் 2003இல் ஒரு தாளுக்கு 65,536 வரிசை, 256 நெடுவரிசை, ஆக 1,67,77,216 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு சாளரம் என்று செய்யப் போயிருந்தால் 10,000 என்ற வரம்பு முதல் நாற்பது வரிசைக்குள்ளேயே தீர்ந்திருக்கும். அப்படி யாரும் செய்யவில்லை. தாள் முழுவதும் ஒரே பரப்பு. கண்ணுக்குத் தெரியும் சில நூறு கட்டங்களை மட்டும் அந்தந்த நேரம் வரைந்துகொள்கிறது, மற்றவை வெறும் தரவாகக் கிடக்கின்றன. நீண்ட பட்டியல்களிலும் இதே வழி. திரையில் முப்பது வரிதான் தெரியும் என்றால் முப்பது வரிக்கான உருப்படிகளே செய்யப்படும். கீழே தள்ளத் தள்ள, மேலே மறைந்த வரியின் உடலை எடுத்துக் கீழே வரும் புதிய பெயருக்குக் கொடுப்பார்கள். பாவு பிணைப்பதை அறிந்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கோத்த ஒழுங்கு நிற்கிறது, உள்ளே ஓடும் நூல் மாறுகிறது. தரவு வேறு, அதைக் காட்டும் உரு வேறு என்ற இந்தப் பிரிப்பை நோர்வே நாட்டுக் கணினி அறிஞர் த்ரிக்வே ரீன்ஸ்கௌக் 1979இல் செரோக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தபோதே எழுதிவைத்தார். மேசைக்கணினி நிரலாளரில் பலர் தங்கள் படிவங்கள் ஊதிப்பெருத்து உடைந்த பிறகுதான் அதன் அருமையை உணர்ந்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். தறியிலிருந்துதான் கணினி பிறந்தது என்று ஆளாளுக்குச் சொல்லிச் சலித்த கதையை இன்னொரு முறை சொல்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. அந்த வம்சாவளி நினைப்பதைவிட மெலிந்தது. லியோன் நகரில் ஜக்கார்ட் 1804 அளவில் தன் அட்டைத் தறியை உருவாக்கினார். துளையிட்ட அட்டை என்ற யோசனையை பாபேஜ் தன் கணிப்பு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார், அந்த இயந்திரம் முழுமையாகக் கட்டப்படவேயில்லை. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்புக்கு அட்டை இயந்திரம் செய்த ஹொலரித், தனக்கு யோசனை தந்தது ரயில் கண்டக்டர் டிக்கட்டில் துளையிடும் முறை என்று சொன்னவர். விண்டோஸில் பொத்தான் செய்தவர்கள் தறியைப் பார்த்துச் செய்யவில்லை, மருதமுனையைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். ஆகவே நான் சொல்வது பிறப்பு உறவு அல்ல. ஒரே நெருக்கடி இரண்டு இடத்தில் வந்தது, ஒரே மாதிரி விடை கிடைத்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றிருப்பதுதான், அந்த விடை தற்செயலானது அல்ல என்பதற்குச் சாட்சி. வம்சாவளிக் கதை உண்மையாக இருந்திருந்தால் என் வாதம் பலவீனமாகியிருக்கும்.

ஜக்கார்டின் கதையில் உண்மையில் கவனிக்கவேண்டியது வேறு. அதற்கு முந்திய பூவேலைத் தறியில் நெசவாளரோடு ஒரு பையனும் வேலை செய்தான். எந்த ஓட்டத்துக்கு எந்தக் கயிறுகளை இழுக்கவேண்டும் என்று பார்த்து இழுப்பது அவன் வேலை. சட்டமாகக் கட்டினால் சட்டத்துக்குள் அடங்கிய கோலத்தைத்தான் நெய்யமுடியும், இழைகளைத் தனித்தனியாக எழுப்ப வேண்டுமானால் அந்தப் பையன் வேண்டும். ஜக்கார்ட் அவனைத் தறியிலிருந்து இறக்கினார். வேலை போனதா? இடம் மாறியது. கோலத்தைக் கட்டக் காகிதத்தில் வரைந்து, அட்டை அட்டையாகத் துளையிட்டு, வரிசையாகக் கோத்துக் கட்டுகிற புது வேலை தறிக்கு வெளியே உருவானது. 1839இல் நெய்யப்பட்ட ஜக்கார்டின் பட்டு உருவப்படத்துக்கு மட்டும் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. நெசவாளர் இலகுவாக நெய்த ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் முன்கூட்டியே உழைத்துவைத்திருந்தார்.

மென்பொருளிலும் அப்படியே. 2002இல் விஷுவல் பேசிக் டொட்நெட் வந்தபோது கண்ட்ரோல் அரே கைவிடப்பட்டது, பழைய நிரலாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக எந்தப் பொத்தானின் நிகழ்வையும் எந்த நடைமுறையோடும் கட்டலாம் என்ற வசதி வந்தது. சுதந்திரம் கூடியது, கட்டுகிற வேலையும் கூடவே கூடியது. 1996இல் வெளியான ஜாவா, பொத்தானின் இடத்தைப் புள்ளிக் கணக்கில் சொல்லாமல் ஒழுங்குமுறையை மட்டும் சொல்லிவிட்டு மீதியை நிரலிடம் விடச் செய்தது. சாளரம் பெருத்தாலும் சிறுத்தாலும் உருப்படிகள் தாமே ஒதுங்கி நின்றன. ஆனால் அந்த ஒழுங்குமுறையை ஒருமுறை சரியாகச் சொல்லிவைப்பதற்குப் பட்ட பாட்டை அதில் வேலை செய்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. பயனாளர் பார்ப்பது இலேசான திரை. அந்த இலேசின் விலை வேறு மேசையில் கட்டப்பட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பாவின் இழைகள் ஒன்றுபோலிருப்பவை, ஆகவே கூட்டம் கட்டலாம். ஒரு மருத்துவமனைப் பதிவுப் படிவத்தின் முப்பது பெட்டிகளோ முப்பது விதம். ஒன்று பெயர், ஒன்று திகதி, ஒன்று கட்டாயம் நிரப்பவேண்டியது, ஒன்று தாதி மட்டும் திருத்தக்கூடியது. இவற்றை எந்தச் சட்டத்தில் கட்டுவது? இதற்கும் தறியிலேயே விடை கிடக்கிறது. ஒரு கட்டச் சாரனின் பாவில் ஒரு நீல இழையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறவரிசையில் அதற்கு ஓர் இடம், அதைத் தந்தவர் பாவு ஓட்டியவர். விழுதுச் சட்டத்தில் வேறோர் இடம், அச்சின் பல்லிடையில் இன்னோர் இடம். நீலப் பட்டையின் நாற்பது இழைகளும் நான்கு சட்டத்திலும் பரவிக் கிடக்கும். நிறத்தால் ஒரு கூட்டம், அசைவால் வேறு கூட்டம், இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. கரையில் பூவேலை வேண்டுமானால் அந்தச் சில இழைகளை மட்டும் டொபி என்ற கோலக் கருவியோடு தனியாகக் கட்டி, உடல் துணியைப் பழைய சட்டத்திலேயே விடுவார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜோன் ஔஸ்டர்ஹௌட் உருவாக்கிய டிகே கருவித்தொகுதி, வரைபரப்பின் ஒவ்வோர் உருவுக்கும் எத்தனை அடையாளம் வேண்டுமானாலும் சூட்டி, அடையாளத்தைச் சொல்லி மொத்தக் கூட்டத்தையும் நகர்த்தவும் நிறம் மாற்றவும் விட்டது. கட்டாயப் பெட்டிகள் என்று ஒரு கூட்டம், தாதி திருத்துபவை என்று ஒரு கூட்டம், ஒரே பெட்டி இரண்டிலும் இருக்கலாம். முப்பதும் முப்பது விதம் என்பது உண்மையில் ஆறேழு குணங்கள் வெவ்வேறாகச் சேர்ந்திருப்பதுதான். அந்த ஆறேழையும் கண்டுபிடிப்பதற்குள் பெட்டி பெட்டியாக எழுத உட்காருவதுதான் நிரலாளரின் பொதுவான அவசரம்.

கூட்டமாகப் பிரித்து ஆள்வது இந்தக் கரைக்குத் தறியால் மட்டும் பழகியதல்ல என்பதையும் இடையில் சொல்லிவிடலாம். தாய்வழியாக வரும் குடிகளும், குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்வதும் கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் நீண்டகாலம் இருந்த ஏற்பாடு. ஆயிரம் வீட்டோடு தனித்தனியாகப் பேசாமல் மரைக்காயர்களோடு பேசினால் ஊரோடு பேசியதாகும். அங்கே கூட்டம் பிறப்பால் அமைகிறது, தறியில் கோக்கிறவர் விருப்பத்தால் அமைகிறது. வித்தியாசம் பெரிது. அதனால் இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கமாட்டேன்.

மூன்றாவது மறுப்பு வரலாற்றாசிரியருடையது. மருதமுனைத் தறிகள் ஓய்ந்ததற்கு இழை கோப்பதா காரணம்? 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் உள்ளூர்த் துணிக்குச் சந்தை இருந்தது, கைத்தறி தழைத்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது, தறிகள் நின்றன. அதற்கு மேல் யுத்தம். இதில் எதையும் மறுக்க முடியாது. ஆனால் மலிவுத் துணி ஏன் கைத்தறியை அவ்வளவு இலகுவாக வென்றது என்று கேட்டால், கொள்கை மட்டும் பதிலாகாது. விசைத்தறி வேகமானது என்பது பாதிப் பதில். மீதிப் பாதி முன்வேலையில் இருக்கிறது. 20 மீட்டர் பாவானாலும் 200 மீட்டர் பாவானாலும் கோக்கவேண்டிய இழை 2,880தான். 200 மீட்டருக்கு ஓட்டினால் அந்தக் கூலி மீட்டருக்கு மீட்டர் பத்தில் ஒன்றாகக் கரைந்துவிடும். நூலைக் கடனுக்கு வாங்கி, கையிலிருக்கும் காசுக்கு அளவாகப் பாவு ஓட்டும் ஒரு வீட்டுத் தறிக்கு அந்தக் கரைசல் கிடைக்காது. ஆலைக்குக் கிடைக்கும். சந்தை மூடியிருந்தவரை இந்த இடைவெளியை யாரும் காணவில்லை. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூலியில்லாமல் தார் சுற்றியும் நூல் பிரித்தும் அதை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சந்தை திறந்ததும் அந்த இலவச உழைப்பாலும் ஈடுகட்ட முடியவில்லை. கொள்கை கதவைத் திறந்தது உண்மை. கதவு திறந்ததும் எந்தச் சுவர் முதலில் விழுந்தது என்பதைத் தறியின் உள்கணக்குத்தான் சொல்லும்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதியும் இதையே வேறு விதமாகக் காட்டியது. ஆழிப்பேரலை இலங்கையில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கடலோர வரிசைகளை இழந்தன. அடுத்த ஆண்டு கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற தடை வந்தது, பிறகு தளர்த்தப்பட்டது. ஏற்கெனவே காணி நெருக்கடியுள்ள கரை இது. தறியைத் தச்சர் மறுபடி செய்துவிடலாம். பாவை நீட்டிக் கஞ்சி போட நீளமான வெளி வேண்டும், கோக்கவும் பிணைக்கவும் பக்கத்து வீட்டுக் கைகள் வேண்டும். அந்த அயலைத் தச்சர் செய்துதர முடியாது. நிவாரணக் கணக்கில் தறி ஒரு பொருளாக வரும், இவை எந்த நிரலிலும் வராது.

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமான, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று இந்தக் கரையின் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகிறது. அவர்களுக்கு இடைமுக வடிவமைப்பைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒரு நாள் வகுப்பை மருதமுனையில் இன்னும் ஓடுகிற ஒரு தறிக்கு முன்னால் நடத்தலாம். பேருந்தில் அதிக தூரமில்லை. இந்தத் தொழிலின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தறி எத்தனை, நெசவாளர் எத்தனை என்று கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். பாவு ஓட்டியது யார், விழுது கோத்தது யார், பிணைத்தது யார், அவர்களுக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது, கொடுக்கப்பட்டதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த வயதானவர்கள் இப்போதும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.